அந்தா தெரியுது

பொய் சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைக்கிற கூலியாகத் தொடங்கியவன் இன்று சொந்தமாக ஐஸ் பெக்டரியும் லொறிகளும் ஒரு மீன்பிடிப் போட்டும் வைத்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என்னுடைய நாக்கு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை நான் கண்டதில்லை. ஆனால் நான் நிறுத்துக் கொடுத்த ஐஸை இன்னொருவன் திரும்ப நிறுத்துப் பார்த்தான் என்ற கதை இந்த ஊரில் இல்லை. உள்துறைமுக வீதியில் யாரை மறித்துக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட நான், என் வாழ்நாளில் கண்ட மிகப் பெரிய பொய்யனைப் பற்றி எழுதப் போகிறேன். மரியாதையோடுதான் எழுதுகிறேன். முழங்கால் விட்டால் எழுந்து நின்றே எழுதுவேன்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். இதில் வருகிற மற்றவர்களின் பெயர்களும் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் அல்ல. அதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் அவரை "அந்தா அண்ணை" என்று கூப்பிட்டோம். அந்தப் பெயர் போதும்.

கொட்டியாரக் குடாவைச் சுற்றிப் பாலங்கள் வருவதற்கு முந்திய காலத்தில் அவர் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போன லோஞ்ச் படகில் சுக்கான் பிடித்தவர். அப்போது மூதூருக்குப் போகிறவர்களுக்கு வேறு சுகமான வழி இல்லை. வாடைக் காற்று வீசுகிற மாதங்களில் அந்த லோஞ்ச் எழும்பி விழுகிற விழுகையில் கோழிக்கூட்டுக்குள் இருக்கிற கோழிகளே வாயை மூடிவிடும். ஒரு பக்கம் "அல்லா", ஒரு பக்கம் "முருகா", இன்னொரு பக்கம் "மாதாவே". பாதிப் பேர் குனிந்து சத்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் சுக்கானடியில் இருந்து அவருடைய குரல் வரும்.

"அந்தா தெரியுது! ஜெட்டி தெரியுது!"

மூதூர் இறங்குதுறையாவது, மண்ணாவது. தண்ணீர் சிதறி முன்னால் இருக்கிறவனின் தலையே தெரியாது. ஆனாலும் எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் சத்தி நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி குரல் வரும்: "அந்தா தெரியுது!"

நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். "என்னண்ணை, இப்பதானே வெளிக்கிட்டனாங்கள். எங்க ஜெட்டி?"

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதலாளி, கீழ பாத்துக்கொண்டிருக்கிறவன்தான் சத்தி எடுப்பான். தலையை நிமித்த வைக்கிறது என்ர வேலை. ஜெட்டி அதுபாட்டுக்கு வரும்."

கவனியுங்கள், அப்போது நான் முதலாளி இல்லை. தலையில் ஐஸ் பெட்டி சுமந்தவன். இடுப்பில் ஒரு சாறம், தோளில் ஒரு சாக்கு, அவ்வளவுதான் என் சொத்து. முதல் நாளே அவர் என்னை நக்கலுக்கு "முதலாளி" என்றார், பிறகு அதை மாற்றவே இல்லை. அவர் சொன்ன பொய்களில் அந்த ஒரு பொய் உண்மையாகிவிட்டது. அதற்கு உழைத்தவன் நான்.

பெக்டரி கட்டிய காலத்தில் இயந்திரம் வந்து இறங்கி மாதக்கணக்காக ஒரு கட்டி ஐஸ்கூட உறையவில்லை. நான் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வெறும் தண்ணீர். "அந்தா தெரியுது முதலாளி, ஓரத்தில வெள்ளை விழுந்திட்டுது" என்றார். நான் எழும்பி ஓடினேன். வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. ஆனால் எழும்பினவன் எழும்பினவன்தான். அப்படியே போய் மெக்கானிக்கைக் கையோடு இழுத்து வந்தேன்.

இதெல்லாம் பொய் என்றாலும், அவருடைய கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கண் பொய்க் கண் அல்ல. கடற்கரையில் நின்று, தொலைவில் புள்ளியாக வருகிற போட்டைப் பார்த்து, அது யாருடைய போட், அதில் மீன் கிடக்கிறதா என்று சொல்வார். போட்டின் முன்பக்கமான அணியம் எழும்புகிற விதத்தை வைத்துச் சொல்கிறேன் என்பார். சொன்னது பிழைத்ததே இல்லை. லோஞ்ச் வேலை போன பிறகு சின்னதாக ஒரு பைபர் போட் வைத்திருந்தார். விடியற்காலையில் தனியே அதில் போய் வருவார். பணத்துக்காக அல்ல. கடலில் கால் நனையாத நாள் அவருக்கு ஒரு நாளே அல்ல.

சரி, இனி சூசை.

சூசை தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்களை விட வயது குறைந்தவன். சூசை, அந்தா அண்ணை, முன்னர் பஸ் ஓட்டிய நல்லையா, நான், ஆக நாலு பேரும் பின்னேரங்களில் கடற்கரையில் நடப்போம். ஒரு வருடம் சூசையின் மனைவி மேரி நோயில் விழுந்தா. ஆசுப்பத்திரி வாசலில் சூசை நின்று அழுதபோது, அந்தா அண்ணை அவனுடைய தோளைப் பிடித்து, தன்னுடைய வழக்கமான கதையைத்தான் சொன்னார்.

"விசரா, அழாதை. அந்தா தெரியுது. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள மேரி வீட்ட வந்திடுவா."

சூசை அதை நம்பினான். வீட்டைக் கழுவினான். கட்டிலுக்குப் புதுத் துணி விரித்தான். சனிக்கிழமை மேரி போய்விட்டா.

அதற்குப் பிறகு சூசை நடக்க வரவில்லை. கதவைத் திறக்கவில்லை. தாடி வளர்ந்தது. மகள் கொண்டுவந்து வைத்த சோற்றைக் காகம் தின்றது. நான் பழக்கூடையோடு போனேன், நல்லையா பகிடிகளோடு போனான், ஒன்றும் நடக்கவில்லை. அந்தா அண்ணை மட்டும் அந்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை. ஒருநாள் கடற்கரையில் வைத்து எங்களிடம் சொன்னார்:

"உவனை உந்த வீட்டில இருந்து கிளப்ப வேணும். மலைக்குக் கூட்டிக்கொண்டு போவம்."

"மலைக்கோ?" என்றான் நல்லையா. "அண்ணை, நாங்கள் கோணேசர் கோயில் ஏத்தத்திலயே மூண்டு தரம் இருக்கிற ஆக்கள்."

"அதுதான் மலைக்கு. கடலைப் பாத்தா அவனுக்கு அவளின்ர ஞாபகம் வரும். ரெண்டு பேரும் உந்தக் கரையிலதானே நடந்தவை."

அப்படித்தான் நக்கிள்ஸ் மலைக்கு, நாலு நாள் நடைக்கு நாங்கள் வெளிக்கிட்டோம். வான் என்னுடையது, சாமான் என்னுடையது, கூடாரம்கூட நான் கொழும்பில் இருந்து எடுப்பித்தது. சூசையின் மகள் அவனுக்கு ஒரு சிவப்புப் பையில் உடுப்பை அடைத்து, அழுது அழுது வானில் ஏற்றி விட்டாள். அவன் வந்தான் என்று சொல்ல முடியாது. ஏற்றினோம், ஏறினான்.

மலையின் கிழக்கு விளிம்பு வழியே பாதை போகிறது. ஒரு பக்கம் காடு. மற்றப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. கல் ஒன்று தட்டுப்பட்டு விழுந்தால், அது கீழே சேர்ந்த சத்தம் கேட்காது. எங்களுக்கு வழி காட்ட மலைக் கிராமத்துச் சிங்களப் பெடியன் ஒருவன் வந்தான். அவனுக்கு ஆட்டுக் கால். காலில் சவர்க்காரமும் உப்பும் பூசினால் அட்டை ஏறாது என்று சொல்லித் தந்தான். நல்லையா அவ்வளவு உப்புப் பூசினான், அந்தா அண்ணை பார்த்துவிட்டு, "காயப்போட்டா கருவாடாவாய்" என்றார்.

கடற்கரை ஆட்கள் மலையில் விடுகிற பிழை ஒன்று உண்டு. கடலில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு நேரே போகலாம். தெரிகிறது என்றால் கிட்டத்தான். மலையில் அப்படி அல்ல. முதல் நாள் பின்னேரம் கால்கள் கழன்றுவிட்ட நேரம், அந்தா அண்ணை கையை நீட்டினார்.

"அந்தா தெரியுது! நாங்கள் தங்கப் போற வீட்டின்ர தகரம்!"

பார்த்தோம். உண்மைதான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், எறிந்தால் விழும் தூரத்தில் ஒரு தகரக்கூரை வெயிலில் மின்னியது. எங்களுக்கு உசார் வந்துவிட்டது. நல்லையா பாட்டுக்கூடப் பாடினான். பாதை அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. தகரம் ஒருமுறை இடப்பக்கம் தெரிந்தது, ஒருமுறை முதுகுப் பக்கம் தெரிந்தது. போய்ச் சேர்ந்தபோது நல்லையா அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்துவிட்டான்.

"அண்ணை, கிட்ட எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"தெரியுது எண்டுதான் சொன்னனான். கிட்ட எண்டு நான் எப்ப சொன்னனான்?"

நான் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம். சூசை சிரிக்கவில்லை. அடுத்த நாள் விளிம்பில் ஒரு பாறையில் நின்றபோது, கீழே சமவெளி பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. தூரத்தில் ஏதோ பளபளத்தது.

"அந்தா தெரியுது, எங்கட கடல்!"

"அது குளமண்ணை," என்றேன் நான்.

"குளத்தில கப்பல் போகுமோ, முதலாளி? அங்க பாரும், கப்பல்."

நானும் நல்லையாவும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தோம். வழிகாட்டிப் பெடியன்கூடப் பார்த்தான். சூசை மட்டும் தலையைத் தூக்கவில்லை. தன்னுடைய காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தபடி நின்றான். அந்தா அண்ணை நீட்டிய கையை மெல்ல இறக்கினார். லோஞ்ச் நாட்களில் இருந்து அவரைத் தெரிந்தவன் நான்; அந்தக் குரலுக்கு ஒருவன் தலை நிமிர்த்தாமல் நின்றதை அன்றுதான் கண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு இறக்கம். பாறையில் படி மாதிரி வெட்டு. ஒரு ஆள் போகலாம், இரண்டு ஆள் போக ஏலாது. பக்கத்தில் அந்த வெறும் காற்று. முகில் கீழிருந்து புகை மாதிரி ஏறி வந்தது. மழை வரப்போகிறது, பாறை நனைந்தால் இறங்க முடியாது என்று பெடியன் அவசரப்படுத்தினான். அவனும் நல்லையாவும் முன்னால் போய்விட்டார்கள். பின்னால் சூசை, அவனுக்குப் பின்னால் அந்தா அண்ணை, கடைசியில் நான்.

நடு வழியில், கொஞ்சம் அகலமாக இருந்த ஒரு கல்லில் சூசை உட்கார்ந்தான். கால் இரண்டும் வெளியே தொங்கின.

"என்ன சூசை, காலோ?" என்றேன்.

"இல்லை. நீங்க போங்கோ. நான் இதில இருக்கிறன்."

"கொஞ்சம் இளைப்பாறு. பிறகு போவம்."

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ எண்டுதான் சொல்லுறன்."

அவன் அழவில்லை. கோபப்படவும் இல்லை. பஸ்ஸில் இடம் பிடித்தவன் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். நான் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன். எழும்பாதவனை எழுப்பத் தெரியும். அதட்டிப் பார்த்தேன். மகளைச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "ஆமிக்காரருக்குச் சொல்லி ஹெலிகொப்டர் எடுப்பிக்கிறன், எவ்வளவு செலவானாலும் நான் பாக்கிறன்" என்றுகூடச் சொன்னேன்.

"முதலாளி, வாயை மூடும்," என்றார் அந்தா அண்ணை.

அவர் நகர்ந்து போய்ச் சூசைக்குப் பின்னால் குந்தினார். முகிலுக்குள் கையை நீட்டினார். "எழும்படா. அந்தா தெரியுது, கீழ ஊர். புகை போகுது பார், தேத்தண்ணி வைக்கினம்."

சூசை திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தான்.

"அண்ணை, ஆசுப்பத்திரியிலயும் இப்பிடித்தான் சொன்னனீங்கள். ஞாயிற்றுக்கிழமை மேரி வீட்ட வந்திடுவா எண்டு. வந்தவதான். பெட்டியில வந்தவ."

அந்தா அண்ணையின் கை அப்படியே நின்றது. நான் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு அவ்வளவு சின்னதாகிப் போனதை அதற்கு முன்னும் நான் காணவில்லை, பின்னும் காணவில்லை. முதல் மழைத்துளி பாறையில் விழுந்து கறுப்புப் பொட்டாகியது.

"ஓம்," என்றார். "பொய்தான் சொன்னனான்."

சூசை முகத்தைத் திருப்பி முகிலைப் பார்த்தான்.

"ஆசுப்பத்திரியில சொன்னது பொய். இப்ப சொன்னதும் பொய். எனக்கு ஊரும் தெரியேல்லை, புகையும் தெரியேல்லை. நேத்துக் கடல் எண்டு காட்டினதும் பொய்." நீட்டின கையை இறக்கினார். "எனக்குக் கண் போயிட்டுது, சூசை."

"என்ன?"

"போன வருசம் தொடங்கினது. நடுவில கறுப்பா ஒரு வட்டம். உன்ர காது தெரியுது, மூக்குத் தெரியேல்லை. காலுக்குக் கீழ கல்லோ பள்ளமோ தெரியேல்லை. காலமையில இருந்து உன்ர முதுகில கிடக்கிற சிவப்புப் பையைப் பாத்துப் பாத்துத்தான் நடந்து வந்தனான். அது போற இடத்தில காலை வைச்சனான்."

இந்தப் பாதையிலா? கண் தெரியாமலா?

"ஏனண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்றான் சூசை.

"லோஞ்ச் ஓட்டினவனுக்குக் கண் தெரியாதெண்டா ஊர் சிரிக்கும். அதுதான்." அவர் அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து இருந்து, தானும் காலைத் தொங்கப் போட்டார். "இப்ப நீ வரேல்லை எண்டா நானும் இதிலதான். முதலாளி குண்டு, அவருக்குப் பின்னால போனா ரெண்டு பேரும் விழுவம். நீ இரு. நானும் இருக்கிறன்."

மழை வலுத்தது. பாறை முழுக்கக் கறுத்துக்கொண்டு வந்தது.

சூசை நெடுநேரம் அவருடைய கண்ணையே பார்த்தான். பிறகு கையை ஊன்றி எழும்பினான். பையை முதுகில் இறுக்கிக் கட்டினான்.

"கையைத் தாங்கோ," என்றான். "மெல்ல. இதில கல்லு ஒண்டு ஆடுது. இடக்காலை வையுங்கோ. நான் சொன்ன பிறகுதான் மற்றக்கால்."

அப்படித்தான் இறங்கினோம். சூசை ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கினான். இடையில் அவர் ஒருமுறை கால் தவறி முழங்காலை உரசிக்கொண்டார். இரத்தம் வந்தது. "அவசரப்படாதேங்கோ எண்டு சொன்னனானெல்லே!" என்று சூசை அவரை ஏசினான். சின்னப் பிள்ளையை ஏசுகிற மாதிரி ஏசினான். மேரி போன பிறகு அவனுடைய தொண்டையில் இருந்து வந்த முதல் பெரிய சத்தம் அதுதான்.

ஊருக்கு வந்த பிறகு கதை மாறியது. சூசை விடியற்காலையில் எழும்பிச் சவரம் செய்து, சைக்கிளில் அவருடைய வீட்டுக்குப் போவான். கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிவருவான். ஞாயிற்றுக்கிழமை தான் பூசை காணும்போது அவரை மாதா கோயில் வாசல் வாங்கில் இருத்துவான். வெள்ளிக்கிழமை அவரைக் காளி கோயிலுக்குக் கூட்டிப்போய், தான் செருப்புக்குக் காவல் இருப்பான். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டான். சந்தையில் யாராவது கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான்: "அவருக்கு இப்ப நான்தான் கண்."

கண் டொக்டரிடமும் இழுத்துக்கொண்டு போனான். அந்தா அண்ணை, "உன்னோட வந்தா நீதான் கூடக் கதைப்பாய்" என்று அவனை வெளியே இருத்திவிட்டுத் தனியே உள்ளே போனார். வந்து தலையை ஆட்டினார். ஒன்றும் செய்ய ஏலாதாம்.

அந்தா அண்ணை பைபர் போட்டைத் தன்னுடைய மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். கண் தெரியாத மனுசன் கடலில் போகலாமோ என்று சூசை ஒற்றைக்காலில் நின்றதால் கொடுத்தார். மருமகன் அதைத் தள்ளிக்கொண்டு போன அன்று, கரையில் நின்று அதன் விளிம்பில் கையை வைத்திருந்தார். போட் தண்ணீருக்குள் போய், கை நழுவும்வரை வைத்திருந்தார். நான் பார்த்தேன். பாவம் என்று நினைத்தேன்.

வருடங்கள் போயின. ஒருநாள் சூசை ஈச்சிலம்பற்றுக்கு, மகளின் புருசன் வீட்டுக்குப் போயிருந்தான். போகும்போது அந்தா அண்ணையை என் பெக்டரியில் கதிரை போட்டு இருத்தி, "பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவன், தனிய விடாதேங்கோ" என்று எனக்குக் கட்டளை வேறு போட்டுவிட்டுப் போனான். நான் உள்ளே வேலையாக இருந்தேன். வெளியே துறைமுகம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

"முதலாளி," என்று குரல் வந்தது. "உம்மட போட் வருது. பின்பக்கம் தாண்டு கிடக்கு. ஐஸை ஆயத்தப்படுத்தும், மீன் நிறைய."

நான் வெளியே வந்து பார்த்தேன். குடாவின் வாயில் ஒரு கடுகளவு புள்ளி. அது போட் என்று சொல்லவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது என் போட் என்று தெரிய இன்னும் நேரம் பிடித்தது. வந்து சேர்ந்தபோது பின்பக்கம் தாழ்ந்துதான் இருந்தது.

திரும்பி அவரைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறி இருந்தது. அவர் அதை மெல்ல இறக்கிக்கொண்டார்.

"அண்ணை! உங்களுக்குக் கண்..."

"எனக்குக் கண் தெரியாது, முதலாளி. வேணுமெண்டாச் சூசையிட்டக் கேளும்."

இன்னொரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன். அந்த மலைப்பாதை, உரசின முழங்கால், டொக்டர், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து நின்றன.

"போட்டையும் குடுத்திட்டீங்களே," என்றேன்.

அவர் துறைமுகத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் விடியக் காலமை எழும்பிச் சவரம் செய்துபோட்டு வாறான். நான் கடலுக்குப் போனா அவன் எங்க போவான்?"

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நல்லையாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. பின்னேரம் சூசை வந்தான். "சாப்பிட்டாரோ? வெயிலில விட்டனீங்களோ?" என்று என்னைக் கேள்வி கேட்டான். பிறகு அவருடைய கையைப் பிடித்து எழுப்பினான். அவர் வாசற்படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார். என்ன நடிப்பு! சினிமாவில் கோடி வாங்குகிறவனுக்கும் அது வராது.

மலைக்குப் போய்வந்த பிறகு ஏழெட்டு வருடம் சூசை இருந்தான். நன்றாக இருந்தான். மீன் விலைக்குச் சண்டை பிடித்தான், கோயில் திருவிழாவில் கொடிக்கயிறு பிடித்தான், கொஞ்சம் தொப்பைகூட வைத்தது. ஒரு விடியற்காலை எழும்பவில்லை. தூக்கத்தில் போய்விட்டான்.

கோயிலில் அவனுடைய மகள் எழும்பிப் பேசினாள். "அம்மா போன பிறகு அப்பாவும் போயிடுவார் எண்டு பயந்தனாங்கள். ஆனா அப்பா, பெரியப்பாவுக்குக் கடைசி வரைக்கும் கண்ணா இருந்தவர். தான் இல்லாட்டி பெரியப்பா விழுந்திடுவார் எண்டு சொல்லிச் சொல்லி இருந்தவர்." கோயில் முழுக்க மூக்கைச் சிந்தியது. முன் வாங்கில் கறுப்புக் கண்ணாடியோடு அந்தா அண்ணை அசையாமல் இருந்தார்.

சேமக்காலையில் மண் போட்டு முடிந்தது. ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று மெல்லச் சொன்னேன்.

"அண்ணை, இனி உதைக் கழட்டுங்கோ. இனி என்னத்துக்கு? மருமகனிட்டச் சொல்லிப் போட்டைத் திருப்பி எடுப்பம். நான் கதைக்கிறன்."

"விசர்க்கதை கதையாதையும்."

"ஏன்?"

"ஊர் முழுக்க அவன் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன், நான்தான் அவருக்குக் கண் எண்டு. பெட்டையும் இப்ப கோயிலில சொல்லிப்போட்டாள். நாளைக்கு நான் தனியப் போட் ஓடினா, அவன் ஆர்?" மண்மேட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஏமாந்த பேயன் எண்டு சிரிப்பாங்கள். செத்தவன் எழும்பிவந்து மறுமொழி சொல்லுவானோ?"

பிறகு கையை நீட்டினார். அந்தரத்தில், எந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்று தெரியாத மாதிரி, கொஞ்சம் பிசகாக நீட்டினார்.

"பிடியும், முதலாளி."

பிடித்தேன். இரண்டு பேரும் சேமக்காலை வாசலுக்கு நடந்தோம். நான் நிமிர்ந்து நடக்கிற ஆள். நிலத்தைப் பார்த்து நடந்து பழக்கம் இல்லை. வாசலில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஒன்று, மேல்மூடி உடைந்து வாயைத் திறந்து கிடந்தது. நான் காணவில்லை. என் முழங்கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. என்னை இடப்பக்கம், ஒருவருக்கும் தெரியாமல், ஒரு சாண் இழுத்தன. நான் தப்பினேன். தப்பின கையோடு அவர் தன்னுடைய காலைக் கானின் ஓரத்தில் இடித்து, தடுமாறி, என் தோளில் விழுந்தார்.

சுற்றி நின்றவர்கள் ஓடி வந்தார்கள். சூசையின் மகள் என்னைப் பார்த்த பார்வை!

"என்ன ஐயா இது? அப்பா இருந்திருந்தா இப்பிடி நடக்குமோ? பாத்துக் கூட்டிக்கொண்டு போகத் தெரியாதோ?"

இந்தத் துறைமுகத்தில் என்னை அதட்டிப் பேச ஆள் பிறக்கவில்லை என்று சொல்கிறவன் நான்.

"ஓம் பிள்ளை," என்றேன். "கவனிக்கேல்லை. இனிக் கவனமாக் கூட்டிக்கொண்டு போறன்."